ஹாக்விண்ட்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிறவர்கள் என் அலமாரியைப் பார்த்ததும் நின்றுவிடுவார்கள். ஒரே இசைக்குழுவின் பெயர் வரிசையாக நாற்பது இசைத்தட்டுகளுக்கு மேல் போகும். அதன்பிறகு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, இதுவரை வாயால் சொல்லிவந்த பதில்களையும் சேர்த்து இங்கே தந்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் மேலிருந்து தொடங்கலாம். ஏற்கெனவே ரசிகராக இருப்பவர்கள் நேராகப் பின்பாதிக்குப் போய்விடலாம்.

ஹாக்விண்ட்னா யாரு? நான் பேரே கேட்டதில்லையே.

1969இல் லண்டனின் லாட்ப்ரோக் குரோவ் பகுதியில் உருவான ராக் இசைக்குழு. நாட்டிங் ஹில்லை ஒட்டிய இடம் அது. இன்று அங்கே வீடு வாங்க நினைத்தாலே தலைசுற்றும். அன்றைக்கு அது இடிந்த சுவர்களும் மலிவு வாடகை அறைகளும் கொண்ட ஏழைப் பேட்டை. கரீபியத் தீவுகளிலிருந்து குடிவந்தவர்களும் நீளமுடி இளைஞர்களும் அக்கம்பக்கமாக வாழ்ந்தார்கள். குழுவைத் தொடங்கிய டேவ் பிராக் அதுவரை தெருவோரம் கிட்டார் வாசித்துச் சில்லறை சேர்த்துக்கொண்டிருந்தவர்.

1969 ஆகஸ்ட் 29 அன்று ஆல் செயின்ட்ஸ் ஹால் என்ற மண்டபத்தில், குழுவுக்கு ஒரு பெயர்கூட வைக்காத நிலையில், "குரூப் எக்ஸ்" என்று சொல்லிக்கொண்டு மேடையேறி ஒரே ஒரு நீண்ட வாசிப்பை வாசித்தார்கள். பிபிசி வானொலியின் ஜான் பீல் அன்று அங்கே இருந்தார். நிகழ்ச்சி நடத்தியவரிடம் "இவர்களை விட்டுவிடாதே" என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையில்தான் கதை தொடங்கியது. குழு இன்றும் இருக்கிறது. பிராக் 80 வயதைத் தாண்டியும் பாடிக்கொண்டிருக்கிறார்.

பேருக்கு என்ன அர்த்தம்? பருந்தும் காற்றுமா?

கவித்துவமாகத் தோன்றினாலும் அப்படி இல்லை. சாக்ஸபோனும் புல்லாங்குழலும் வாசித்த நிக் டர்னருக்கு நண்பர்கள் வைத்த பட்டப்பெயரிலிருந்து வந்தது. சத்தமாகத் தொண்டையைக் காறுவதும் வாயுவை வெளியேற்றுவதும் அவர் வழக்கம். ஆங்கிலத்தில் அந்த இரண்டுக்குமான சொற்களைச் சேர்த்தால் இந்தப் பெயர் வரும்.

ஸ்பேஸ் ராக்னா ராக்கெட்டைப் பத்திப் பாடுறதா?

ஹாக்விண்டின் இசையை ஸ்பேஸ் ராக், அதாவது விண்வெளி ராக், என்பார்கள். பாட்டின் வரிகளில் விண்கப்பலும் காலப்பயணமும் வருவது உண்மைதான். ஆனால் பாட்டின் மொழியே தெரியாதவருக்கும் இந்த இசை விண்வெளியை நினைவூட்டும். காரணம் ஒலியில் இருக்கிறது. டிக் மிக் என்று அழைக்கப்பட்ட மைக்கேல் டேவிஸ் வாசித்தது எந்த இசைக்கருவியும் கிடையாது. ரேடியோ போன்ற மின்கருவிகளைச் சோதிக்க ஆய்வுக்கூடங்களில் வைத்திருப்பார்களே, ஆடியோ ஜெனரேட்டர், அதைத்தான் அவர் மேடையில் வைத்துக்கொண்டார். ஒரு திருகு, திருகினால் சீழ்க்கை போன்ற ஒலி கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும். அதை எதிரொலிப் பெட்டி வழியாக அனுப்பினால், ஏதோ ஒன்று நம்மைத் தாண்டிப் பறந்துபோன உணர்வு வந்துவிடும்.

அவரோடு டெல் டெட்மர் சேர்ந்துகொண்டார். அவர் வைத்திருந்தது 1969இல் வெளிவந்த விசிஎஸ்3 என்ற பிரிட்டிஷ் சிந்தசைசர், மின்சாரத்தாலேயே ஒலியை உருவாக்கும் கருவி. அதில் கீபோர்டு கிடையாது. ஒரு சதுரப் பலகையில் சிறு ஊசிகளைச் செருகித்தான் எந்த ஒலி எங்கே போகவேண்டும் என்று வழி காட்ட வேண்டும். ஸ்வரம் வாசிக்கும் எண்ணமே இல்லாத இரண்டு பேர் குழுவில் முழுநேரமாக இருந்தார்கள். அந்தக் காலத்து ராக்கில் இது பெரிய துணிச்சல்.

ஒரே கார்டை பத்து நிமிஷம் வாசிக்கிறாங்க. போரடிக்கலையா?

கார்டு என்றால் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள். கச்சேரியில் தம்புரா போரடிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அது மாறாமல் இருப்பதால்தான் மற்றவை மாறுவது தெரிகிறது. ஹாக்விண்டில் பிராக்கின் கிட்டார் செய்வதும் கிட்டத்தட்ட அந்த வேலைதான். ஒன்று அல்லது இரண்டு கார்டுகள், கீழே விடாமல் ஓடும் டிரம்ஸ், மேலே நான் சொன்ன அந்த வழுக்கும் ஒலிகள், நடுவே எங்கிருந்தோ வரும் சாக்ஸபோன்.

முதல் மூன்று நிமிடம் "எப்போது மாறும்?" என்று மனம் காத்திருக்கும். அதற்கப்புறம் காத்திருப்பதை விட்டுவிடும். அங்கேதான் இசை ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது வேலை செய்யாத ஆட்களும் இருக்கிறார்கள். என் மனைவி அதில் ஒருவர். அவரை மாற்ற நான் முயன்றதில்லை.

மோட்டர்ஹெட் லெம்மி இதுல இருந்தாராமே?

ஆமாம், பின்னாளில் மோட்டர்ஹெட் என்ற ராக் குழுவைத் தொடங்கிய லெம்மி 1971 முதல் 1975 வரை இதில் இருந்தார். சேரும்போது அவருக்கு பேஸ், அதாவது தாழ்ந்த ஸ்வரங்களுக்கான கிட்டார், வாசித்துப் பழக்கமே இல்லை, சாதாரண கிட்டார்தான் தெரியும். அதற்கு முன் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் கருவிகளைத் தூக்கிச் சுமக்கும் வேலையில் இருந்தார். ஒரு இலவச நிகழ்ச்சிக்கு பேஸ் வாசிப்பவர் வரவில்லை, அவருடைய கருவி மட்டும் வண்டியில் கிடந்தது, எடுத்து மாட்டிக்கொண்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

கிட்டார்காரர் பேஸை எடுத்தால் என்ன ஆகும்? ஒற்றை ஒற்றை ஸ்வரமாக வாசிக்காமல் இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து அடித்தார். பிராக்கின் கிட்டாரும் லெம்மியின் பேஸும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே இயந்திரம் போல ஓடின. பழைய ரசிகர்கள் "அந்த நாலு வருஷம்" என்று ஏங்குவது பெரும்பாலும் இந்த ஓட்டத்தைத்தான்.

"சில்வர் மெஷின்" ஒண்ணுதானே ஹிட்?

பெரிய ஹிட் அது ஒன்றுதான். 1972இல் பிரிட்டிஷ் தரவரிசையில் 3ஆம் இடம். 1972 பிப்ரவரியில் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் நேரடியாகப் பதிவானது. குரல் மட்டும் அப்புறம் ஸ்டூடியோவில் மாற்றப்பட்டது. அந்தக் குரல் லெம்மியுடையது. வரிகளை எழுதியவர் ராபர்ட் கால்வெர்ட். கேட்பவர்கள் விண்கப்பலைப் பற்றிய பாட்டு என்று நினைக்கிறார்கள். தன் வெள்ளி நிற சைக்கிளை நினைத்து எழுதியதாகக் கால்வெர்ட் சொன்னார். காலப்பயண எந்திரம் கட்டுவது எப்படி என்று ஆல்ஃப்ரெட் ஜாரி என்ற பிரெஞ்சு எழுத்தாளர் எழுதிய கட்டுரையைப் படித்து, அவர் விவரிப்பது சைக்கிளைத்தான் என்று கால்வெர்ட்டுக்குப் பட்டதாம்.

1973இல் இன்னொரு சிங்கிள், அதாவது தனிப்பாட்டுத் தட்டு, வந்தது, நகரத்துக் கெரில்லாப் போராளியைப் பற்றிய பாட்டு. அதே சமயத்தில் லண்டனில் குண்டுகள் வெடித்தன. வெளியிட்ட நிறுவனம் தட்டைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. சில்வர் மெஷினில் வந்த பணத்தைக் குழு என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம். அது அடுத்த கேள்வி.

எல்லாரும் "ஸ்பேஸ் ரிச்சுவல்"னு உருகுறாங்களே, அப்படி அதுல என்ன?

அந்தப் பணத்தை அவர்கள் 1972 கடைசியில் ஒரு சுற்றுப்பயணத்தில் கொட்டினார்கள். அதன் பெயர்தான் ஸ்பேஸ் ரிச்சுவல். உறைநிலைத் தூக்கத்தில் விண்வெளியில் போய்க்கொண்டிருக்கும் ஏழு பேர் காணும் கனவுகள், இதுதான் கால்வெர்ட் வைத்த கதை. மேடையை வடிவமைத்தவர் பார்னி பபிள்ஸ் என்ற ஓவியர். கோள்களின் சுழற்சியிலேயே ஒரு சங்கீதம் இருக்கிறது என்ற பித்தகோரஸின் பழைய எண்ணத்தை எடுத்துக்கொண்டு மேடையை அமைத்தார். "லிக்விட் லென்" என்ற பெயரில் ஜோனதன் ஸ்மீட்டன் ஒளியைப் பார்த்துக்கொண்டார். ஸ்லைடுகளும் நிறம் கலந்த எண்ணெய்க் குழம்புகளும் சுவர் முழுக்க நகரும். உடலெல்லாம் வண்ணம் பூசி, ஆறடிக்கு மேல் உயரமான ஸ்டேசியா நடனமாடுவார்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நிறுத்தமே கிடையாது. இடைவெளியில் மின்னொலி ஓடிக்கொண்டிருக்க, கால்வெர்ட் கவிதை சொல்வார். அதில் ஒன்றை அறிவியல் புனைகதை எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் எழுதினார். ஒலியால் தாக்குதல் நடந்தால் குடிமக்கள் என்ன செய்யவேண்டும் என்று அரசு அறிவிப்பு போலவே போகும். போரில் குண்டுவீச்சைப் பார்த்த பெற்றோருக்குப் பிறந்து, அணுகுண்டு பயத்தில் வளர்ந்த பிள்ளைகள் அந்த அரங்கில் இருந்தார்கள். அவர்களுக்கு அது வெறும் கற்பனையாகப் பட்டிருக்காது.

லிவர்பூலிலும் லண்டன் பிரிக்ஸ்டனிலும் நடந்த இரவுகளின் பதிவு 1973 மே மாதம் இரட்டைத் தட்டாக வந்து 9ஆம் இடம் வரை போனது. நான் கேட்ட நேரடிப் பதிவுகளில் இதற்கு இணையாக எதையும் வைக்கமாட்டேன். பாதியில் நிறுத்தி எழுந்துபோக முடியாத தட்டு இது.

அந்த நிகழ்ச்சியோட வீடியோ எங்க கிடைக்கும்?

இதைக் கேட்கும் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லும்போது எனக்கு வலிக்கும். அந்த மேடையை முழுதாகப் படம்பிடித்த வீடியோ என்று கையில் கொடுக்க எதுவும் இல்லை. அந்தக் காலத்து ஹாக்விண்ட் என்று நாம் திரும்பத் திரும்பப் பார்ப்பது சில்வர் மெஷினுக்காக 1972இல் டன்ஸ்டபிள் சிவிக் ஹாலில் எடுத்த சில நிமிடப் படம். பிபிசியின் டாப் ஆஃப் தி பாப்ஸ் நிகழ்ச்சியில், குழு ஸ்டூடியோவுக்கு வருவதற்குப் பதிலாக அது ஒளிபரப்பானது.

ஒலி கிடைத்தது, ஒளியும் நடனமும் அரங்கத்தின் சூடும் போய்விட்டன. இந்தக் குழுவின் மேல் இருக்கும் ஏக்கம் மற்ற குழுக்களின் மேல் இருப்பதைவிட ஏன் இவ்வளவு கூர்மை என்று யோசித்திருக்கிறேன். பாதி மட்டும் பதிவான ஒன்றுக்காக ஏங்குகிறோம். மீதிப் பாதி அங்கே இருந்தவர்களின் தலைக்குள் இருக்கிறது. அவர்களுக்கும் இப்போது வயது எழுபதை ஒட்டி.

காசே வாங்காம வாசிச்சாங்கன்னு சொல்றது கட்டுக்கதையா?

நிஜம். வெஸ்ட்வே என்ற மேம்பாலம் நாட்டிங் ஹில்லின் நடுவே போகிறது. அதற்கு அடியில் இலவசமாக வாசித்திருக்கிறார்கள். 1970 ஐல் ஆஃப் வைட் இசைத் திருவிழாவில் உள்ளே ஹெண்ட்ரிக்ஸ் வாசித்தார். ஹாக்விண்ட் வேலிக்கு வெளியே, டிக்கெட் வாங்க முடியாமல் நின்றவர்களுக்காக, காற்றடித்து நிற்கவைத்த ஒரு கூடாரத்தில் வாசித்தது. டர்னர் முகத்தில் வெள்ளிச் சாயம் பூசிக்கொண்டு திரிந்தார்.

அப்புறம் ஸ்டோன்ஹெஞ்ச். 1974 முதல் 1984 வரை ஆண்டுதோறும் ஜூன் மாதக் கதிர்த்திருப்ப நாளை, அதாவது ஆண்டின் மிக நீண்ட பகலை, ஒட்டி அந்தப் பழங்கற்களின் அருகே கட்டணமில்லாத திருவிழா நடந்தது. ஹாக்விண்ட் அதன் சொந்த இசைக்குழு மாதிரியே ஆகிப்போனது. 1985 ஜூன் 1 அன்று திருவிழாவுக்குப் போன வண்டிகளைக் காவல்துறை வழிமறித்தது. ஜன்னல்களை உடைத்து, 500க்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தது. அதோடு அந்தத் திருவிழா முடிந்தது. அந்த வயல்வெளியில் இருந்தவர்களுக்கு ஹாக்விண்ட் தட்டு ஒன்று ஓடினால் பாட்டு மட்டும் நினைவுக்கு வருவதில்லை.

லெம்மியை ஏன் தூக்கினாங்க?

1975 மே மாதம், அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குள் நுழையும்போது விண்ட்சர் எல்லையில் போதைப்பொருளோடு பிடிபட்டார். கொகெய்ன் என்று நினைத்து வழக்குப் போட்டார்கள். அவரிடம் இருந்தது வேறொரு போதைப்பொருளான ஆம்ஃபெட்டமின். வழக்கு நிற்கவில்லை, விட்டுவிட்டார்கள். டொரன்டோவில் குழுவோடு வாசித்தார். அதற்கப்புறம் குழு அவரை நீக்கியது. குழுவில் பலர் பலவற்றை எடுத்துக்கொண்ட காலம் அது. எல்லையில் மாட்டிக்கொண்டது ஒரு சாக்காக ஆனது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அவர் ஹாக்விண்டுக்காகக் கடைசியாக எழுதிய பாட்டின் பெயர் மோட்டர்ஹெட். அதையே புதுக் குழுவுக்கு வைத்துக்கொண்டார். 2015 டிசம்பர் 28 அன்று இறக்கும்வரை அந்தப் பெயரோடுதான் வாழ்ந்தார்.

போதை இல்லாம இதைக் கேட்க முடியுமா?

நான் அப்படித்தான் கேட்கிறேன், எப்போதும். மேலே ஒரே கார்டு பற்றிய பதிலில் சொன்ன அந்த மயக்கம் திரும்பத் திரும்ப வரும் தாளத்தால் வருவது. அதற்கு வேறெதுவும் வேண்டாம். அந்தக் காலத்துக் கதைகளில் போதையைச் சிரிப்பாகச் சொல்லிக் கடந்துபோகிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. அந்த வட்டத்தில் உடலும் மனமும் கெட்டவர்கள் உண்டு.

1975க்கு அப்புறம் கேட்கவே வேண்டாம்னு ஒரு நண்பர் சொல்றார். சரியா?

தவறு. உங்கள் நண்பர் நல்ல பொருளை இழக்கிறார். லெம்மி போனபிறகு கால்வெர்ட் முழுநேரப் பாடகராகத் திரும்பினார். விமானியின் உடையும் கண்ணாடியும் அணிந்து நாடக நடிகர் போல மேடையில் நின்றார். 1977இல் வந்த ஆல்பத்துக்கு இயற்பியலில் குவார்க் என்ற நுண்துகள்களுக்குக் கொடுத்த பெயர்களையே தலைப்பாக வைத்தார்கள். பாட்டுகள் சுருங்கின, கூர்மையானவை ஆயின. பங்க் இசைக்காரர்கள் பழைய குழுக்களை எல்லாம் தூக்கி எறிந்த அந்த நேரத்தில்கூட இவர்கள்மேல் கை வைக்கவில்லை. பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் பாடகர் ஜான் லைடன் இவர்களின் ரசிகர். 2002இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பிஸ்டல்ஸ் சில்வர் மெஷினை வாசித்தார்கள்.

1980இல் க்ரீம் குழுவின் ஜிஞ்சர் பேக்கர் டிரம்ஸ் வாசித்த லெவிடேஷன், 1985இல் மூர்காக்கின் எல்ரிக் கதைகளை வைத்துச் செய்த ஆல்பம், 1992இல் மூன்றே பேராகச் செய்த எலக்ட்ரிக் டிப்பி, இந்த மூன்றையும் கேட்டுவிட்டு அவரிடம் மறுபடி பேசுங்கள். கால்வெர்ட் 1988இல் மாரடைப்பால் இறந்தார். அவர் எழுதியிருக்க வேண்டியவை இன்னும் எவ்வளவோ இருந்தன.

இத்தனை பேர் மாறின பிறகும் அது அதே பேண்டுதானா?

முதல் நாளிலிருந்து இன்றுவரை இருப்பவர் பிராக் ஒருவர்தான். அவருக்கு அடுத்து நீண்டகாலம் இருப்பவர் 1988இல் சேர்ந்த டிரம்மர் ரிச்சர்ட் சாட்விக். 2000 அக்டோபரில் பிரிக்ஸ்டனில் பழையவர்களும் புதியவர்களுமாக 20க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரே மேடையில் ஏறினார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கோயில் தேர் இருக்கிறது. சக்கரத்தை மாற்றினார்கள், வடத்தை மாற்றினார்கள், அடித்தட்டு மரத்தையே மாற்றினார்கள். ஒவ்வொரு வருஷமும் அதே தேர்தான் வருகிறது. நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஆனால் ஒரு குறிப்பிட்ட வடத்தைப் பிடித்து இழுத்தவருக்கு அந்த வடத்தின்மேல் தனிப் பிரியம் இருக்கும். அதை மறுக்க எனக்கு உரிமை இல்லை. ரசிகர்களிடம் எது உண்மையான ஹாக்விண்ட் என்று கேட்டால், பெரும்பாலும் தங்களுக்குப் பதினேழு வயதாக இருந்தபோது வாசித்தவர்களைத்தான் சொல்வார்கள்.

நீங்க பிராக் பக்கமா, நிக் டர்னர் பக்கமா?

குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம் என்பதில் இருவருக்கும் வழக்கு வரை போனது. பெயர் பிராக்கிடம் நின்றது. டர்னர் பழைய தோழர்கள் சிலரைச் சேர்த்து ஸ்பேஸ் ரிச்சுவல் என்ற பெயரில் வாசித்தார். ஐம்பது வருடம் வண்டியை நிறுத்தாமல் ஓட்டியவர் பிராக். அதனால் பெயர் அவரிடம் இருப்பது சரி. ஆனால் மேம்பாலத்தடியிலும் வேலிக்கு வெளியிலும் வாசிக்கும் அந்த மனசு டர்னரிடமிருந்து வந்தது என்று நம்புகிறேன். 2022 நவம்பரில் டர்னர் இறந்தார். அந்தச் சண்டையைப் பற்றிப் பேசவே இப்போது எனக்கு மனம் வருவதில்லை.

எதிலிருந்து தொடங்கட்டும்? பழைய தட்டு வாங்கணுமா, புதுசு போதுமா?

மெட்டு இருந்தால்தான் பிடிக்கும் என்பவர் 1974இல் வந்த ஹால் ஆஃப் தி மவுண்டன் கிரில்லை எடுங்கள். அதில் சைமன் ஹவுஸின் வயலின் இருக்கிறது. போர்டோபெல்லோ சாலையில் குழுவினர் சாப்பிடப் போன சாதாரண உணவகத்தின் பெயர்தான் தலைப்பு. அது பிடித்தால் 1975இன் வாரியர் ஆன் தி எட்ஜ் ஆஃப் டைம். பல வருடம் கிடைக்காமல் இருந்து 2013இல் முறையாக மறுவெளியீடு கண்டது. அதற்குப் பிறகு ஒரு ராத்திரியை ஒதுக்கி ஸ்பேஸ் ரிச்சுவல்.

கேட்பதற்குப் புதிய வெளியீடே நல்லது. இரட்டைத் தட்டில் இடம் போதாமல் சில வாசிப்புகளை அன்று வெட்டியிருந்தார்கள். 50ஆம் ஆண்டையொட்டி 2023இல் வந்த பெட்டியில் அந்த இரவுகள் முழுசாக இருக்கின்றன. ஆனால் பார்னி பபிள்ஸின் உறைகளைக் கையில் பிடிக்க வேண்டுமானால் பழைய தட்டுதான் வழி. 1971 ஆல்பத்தின் உறை ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும் மடிப்புகளாகத் திறக்கும். உள்ளே ஒரு விண்கப்பலின் குறிப்பேடு போல 24 பக்கப் புத்தகம். விலை அதிகம், ஓரம் கிழியாமல் கிடைப்பது அபூர்வம்.

நீங்க பார்க்கவே பார்க்காத ஒண்ணுக்கு ஏங்குறீங்களே, அது பொய்தானே?

இதை ஒருவர் சற்றுக் கோபமாகவே கேட்டார், அதனால் கடைசியில் வைத்திருக்கிறேன். 1972இல் நான் பிறக்கவில்லை. அந்த வயல்களிலும் மண்டபங்களிலும் எனக்கு இடமில்லை. எனக்கு இருப்பது அந்த நினைவு அல்ல, சரிதான். வீடியோ பற்றிய பதிலில் சொன்ன அந்த மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளும் ஆசை இருக்கிறது. அதற்கு ஏக்கம் என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

வேலை நிமித்தம் பழக்கமான ஓர் ஆங்கிலேயப் பெரியவர் சில வருடங்களுக்கு முன் வீட்டுக்கு வந்தார். பிரிக்ஸ்டன் நிகழ்ச்சியைப் பதினெட்டு வயதில் பார்த்தவர். என்னென்ன பாட்டு வாசித்தார்கள் என்று கேட்டேன், நினைவில்லை என்றார். நனைந்த கோட்டுகளின் வாடை, கடைசி ரயிலைத் தவறவிட்டது, நண்பனோடு விடியும்வரை நடந்தது, இவ்வளவுதான் சொன்னார். சரி என்று தட்டை ஓடவிட்டேன். விளக்கை அணைக்கச் சொன்னார். இருட்டில் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் பக்கம் ஓடும்போது திடீரென்று கையை உயர்த்தி என் வீட்டு வெறும் சுவரைக் காட்டினார். "இங்கே பச்சையாகும்," என்றார். "இப்போ பார், பச்சையாகும்."